எங்க தவிட்டைக் கொடு அத்தை

“...அதுக்கு எங்கிட்ட வந்து நின்னா எப்பிடி? யாரு வூட்டுப் புள்ளையோ, யாரு வூட்டுத் தவுடோ, எனக்கு இன்னாடி தெரியும்? வெயில் ஏறுது, தூக்கிகினு போ” என்றாள் அத்தை.

சொல்லும்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை. என் இடுப்பில் இருந்தவனையும் பார்க்கவில்லை. எங்களுக்கு நடுவில் இருந்த காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இடுப்பில் இருந்தவனுக்கு இரண்டரை. என்னுடைய இன்னொரு கையில் ஒரு காலி மரக்கால். ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள்தான் இருந்தது. திருத்தணித் தெருவெல்லாம் காவடிக்காரர்களின் மஞ்சள் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த உச்சி வெயிலில் நான் ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு மரக்கால் தவிடு வாங்கிப் போக வந்திருந்தேன். உடைத்துப் பார்த்தால் அழுகியிருந்த தேங்காயைக் கடையில் கொடுத்து மாற்றி வருகிறோம் அல்லவா, அந்த மாதிரி.

இதைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். ரயில் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டினார். குதிரையோடு மரியாதையாகப் பேசுவார். “நடங்க, நடங்க, சாமி காத்துகினு கீறாரு” என்பார். எங்களை அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அவருக்கு ஒரே தங்கை, அதுதான் அத்தை. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில், மலையடிவாரக் குளத்துக்குப் போகும் வழியில் இருந்தாள். மாமாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவார், மற்ற நாளெல்லாம் அரக்கோணம் பக்கம்.

அத்தைக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் போய்விட்டன. முதலாவது பேர் வைக்கும் முன்பே போயிற்று. இரண்டாவது தவழ்ந்து வாசற்படி வரைக்கும் வந்துவிட்டுப் போயிற்று. மூன்றாவது பெண். அது வாய் திறந்து “அம்மா” என்று சொல்லத் தொடங்கிய வாரத்தில் கக்குவான் இருமல் வந்தது, அந்த வாரமே முடிந்தது. “அது என்னைக் கூப்புட்டது அவன் காதுல வுழுந்துடுச்சி” என்று அத்தை சொல்வாள். அவன் என்றால் எமன். பேரைச் சொல்லமாட்டாள்.

நாலாவதாக இவன் பிறந்தபோது அடிவாரத்தில் பூ விற்கிற அம்மா ஒருத்தி வந்து வழி சொன்னாள். “உங்க அண்ணி நாலு பெத்தா, நாலும் நிக்கிது. ராசியான கை. பேசாம அவங்களுக்குத் தவுட்டுக்கு வித்துடு. உன்னுதுன்னு தெரிஞ்சாத்தானே தேடிகினு வருவான்?”

எங்கள் பக்கத்தில் அது இருந்த வழக்கம்தான். பிள்ளை நிற்காத வீட்டில் புதிதாகப் பிறந்ததை இன்னொருத்திக்குத் தவிட்டு விலைக்கு விற்றுவிடுவார்கள். விற்ற பொருள் நம்முடையது இல்லையே. தேடி வருகிறவன் வெறுங்கையோடு திரும்பிவிடுவான் என்று கணக்கு.

விற்பனை பதினோராம் நாள் குளத்துப் படிக்கட்டில் நடந்தது. நானும் போயிருந்தேன். அத்தை முறத்தில் பிள்ளையைக் கிடத்தி, காய் விற்கிறவள் போலப் படியில் உட்கார்ந்திருந்தாள். என் அம்மா இடுப்பில் தவிட்டு மரக்காலோடு, யாரோ வழிப்போக்கி மாதிரி அந்தப் பக்கம் வந்தாள்.

“இன்னாம்மா முறத்துல?”

“புள்ளைம்மா.”

“இன்னா வெலை?”

“ஒரு மரக்கா தவுடு குடுத்தா போதும்.”

அதோடு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் என் அம்மா சந்தையில் கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள். குனிந்து பார்த்து, “காது கொஞ்சம் பெருசா கீதே?” என்றாள். அத்தை பொங்கிச் சிரித்துவிட்டாள். சிரித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு “வித்தேன், வித்தேன், வித்தேன்” என்று மூன்று முறை சொல்லி, தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டு எழுந்து நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. அவள் திரும்பவில்லை. பிள்ளை கத்தியது. அப்போதும் திரும்பவில்லை.

அந்தத் தவிட்டை ஒரு மண்சட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தன் வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டாள். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்து, மலைமேல் முடியிறக்கிய பிறகுதான் அந்தச் சட்டியை இறக்கித் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து அவனை மீட்க வேண்டும். அதுவரைக்கும் அவள் அவனை மகனே என்று கூப்பிடக் கூடாது. கொஞ்சக் கூடாது. அவன் அவளை அம்மா என்று சொல்லக் கூடவே கூடாது. ஊரார் அவனுக்கு வைத்த பேர் தவிட்டான்.

பால் கொடுக்க வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. அத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை எங்கள் வீட்டுப் பின்பக்கமாக வந்து நின்று சத்தமாகக் கேட்பாள்: “புள்ளைக்காரம்மா, பால் குடுக்க ஆள் வேணுமா?”

“ஆங், வா வா. காலையில வந்தவ சரியா குடுக்கல” என்பாள் என் அம்மா. காலையில் வந்தவளும் அத்தைதான். நாங்கள் நாலு பிள்ளைகளும் சுவரோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அத்தை சிரிக்காமல் உள்ளே வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பால் கொடுத்துவிட்டு, அவனை என் அம்மா மடியில் போட்டுவிட்டுப் போவாள். கூலிக்கு வந்தவள் எப்படிப் போவாளோ அப்படி.

வேடிக்கையாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு எரியத் தொடங்கும் வரைக்கும்.

நான் கடைக்குட்டி. ஆறரை வருஷம் அம்மாவின் இடது பக்கம் எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. இவன் வந்த அன்றைக்கே என்னை அக்கா பக்கம் தள்ளிப் படுக்கச் சொன்னார்கள். காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னும்போது ஊர்க்கதை சொல்வாள். என் தலைமுடியைவிட அந்தக் கதைதான் நீளம். இவன் வந்த பிறகு என் தலை அக்கா கைக்குப் போயிற்று. அவள் பின்னினால் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும், கதையும் கிடையாது. பால் காய்ச்சிய சட்டியைச் சுரண்டித் தின்பது என்னுடைய உரிமை. அதையும் விரலில் தடவி அவன் வாயில் வைத்தாள். பல்லே இல்லாதவனுக்கு எதற்கு ஏடு?

ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல். அம்மா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. மலையைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் வந்தால்தான் அம்மா கிடைப்பாள் என்று எனக்குப் புரிந்தது. அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு போர்வைக்குள் படுத்தேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். “யாரு வூட்டுல சாம்பாரு கொதிக்கிது?” என்றாள். வீடே சிரித்தது. மூலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்த அத்தைகூடச் சிரித்தாள். அத்தை சிரித்ததற்கும் சேர்த்து நான் அவன்மேல்தான் கோபப்பட்டேன்.

நைனாவிடம் முறையிட்டேன். நைனாவிடம் வேதாந்தம் இருந்தது. எல்லாம் வண்டியில் ஏறிய சவாரிகளிடம் கேட்டது. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் எவ்வளவு வேதாந்தம் வருமோ அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். “ஒரு சாமியாரு சொன்னாரு கண்ணு. அன்பு வெச்சா வெச்சதுதான். நமக்கு இன்னா திரும்பி வருதுன்னு பாக்கக் கூடாதாம். செய்யறது நம்ம வேலை, பலன் நம்முது இல்ல” என்றார். “ஏன் பாக்கக் கூடாது?” என்று கேட்டேன். “அதைத்தான் சொல்ல வந்தாரு. அதுக்குள்ள அடிவாரம் வந்துடுச்சி, எறங்கிட்டாரு” என்றார்.

அம்மாவிடம் நேராகவே சண்டை போட்டேன். “அஞ்சு வயசு ஆனா அவன் அத்தை வூட்டுக்குப் போயிடுவான். உனுக்கு இன்னா வரப்போகுது? எதுக்கு இவ்ளோ பண்றே?”

அம்மா அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்: “இந்த மலைச் சாமிக்கு ஆறு பொம்பளைங்க பால் குடுத்தாங்க. கடைசில பார்வதி வந்து வாரி எடுத்துகினா. ஆறு பேருல ஒருத்தியாவது எங்க பாலுக்கு இன்னா பதிலுன்னு கேட்டாளா?”

“அவங்களுக்குச் சொந்தப் பொண்ணு இல்ல. இருந்திருந்தா அது கேட்டிருக்கும்” என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அதற்குள் அவன் சோற்றுத் தட்டைக் கவிழ்த்தான். நீண்ட கை அவன் பக்கம் போய்விட்டது. அந்தக் கை என்னிடம் வந்து சேரவேயில்லை என்று இன்றைக்கும் எங்கோ ஒரு மூலையில் கணக்கு வைத்திருக்கிறேன்.

இதற்குள் அவன் பால்குடி மறந்துவிட்டான். மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவச் சொன்னார்கள். அத்தைதான் தடவிக்கொண்டாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து என் அம்மாவிடம் ஓடினான். அதன் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வர ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. அப்போது எனக்கு ஒன்று மட்டும் வியப்பாக இருந்தது. இந்த அத்தைக்கு ஏன் இப்படி ஞாபகமறதி? காலையில் சல்லடை கேட்டு வாங்கிப் போவாள். மத்தியானம் கொண்டுவந்து கொடுப்பாள். சாயங்காலம் மறுபடியும் கேட்டு வருவாள். எங்கள் வீட்டுச் சல்லடை அந்தத் தெருக்களில் நைனாவின் குதிரையைவிட அதிகமாக நடந்தது. வந்தவள் அவனைப் பார்க்கமாட்டாள். “புள்ளைக்காரம்மா, சல்லடை” என்பாள். கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு யுத்தம் என்றால் மண்ணெண்ணெய் இல்லை, துணி இல்லை, குதிரைக்குத் தவிடு இல்லை. மில்லில் அரைத்த தவிடெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நைனா தினம் குதிரையின் விலா எலும்பைத் தடவிப் பார்த்து, “மன்னிச்சிக்குங்க” என்பார்.

கண்ட்ரோல் கடையில் ஒரு நாள் முழுக்க நின்று அம்மா ஒரு துண்டு பச்சைப் பூத் துணி வாங்கி வந்தாள். கிருத்திகைக்கு எனக்குப் பாவாடை என்று முன்பே சொல்லியிருந்தாள். இடுப்பில் வைத்து அளந்தும் பார்த்தாள். ஒரு சாண் குறைந்தது. “எப்பிடியாவது ஒட்டுப் போட்டுத் தெச்சிடலாம்” என்றாள். நான் அன்றே தெருவில் ஐந்து பேரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அந்தப் பச்சைப் பூத் துணி ஒரு சின்னச் சட்டையாகித் தவிட்டான் உடம்பில் இருந்தது. வயிறு தெரிய நின்று பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான். கிருத்திகைக்கு அவனை மலைக்குத் தூக்கிப்போவதாக வேண்டுதலாம். புதுத் துணி இல்லாமல் போகக் கூடாதாம். பாவாடைக்குத் துணி போதாது, சட்டைக்குப் போதுமாம்.

நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். பெரிய அண்ணன் வந்தான். அவனுக்கு யாரையாவது கிண்டல் பண்ணாவிட்டால் சோறு இறங்காது. “ஏன் அழுவுறே? சரக்கு புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடு. நம்ம தவுடு அத்தை வூட்டு உத்தரத்துல அப்பிடியே கீது. புள்ளையை வெச்சிட்டுத் தவுட்டை வாங்கிகினு வா. குதிரையும் துன்னும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் விளையாட்டாகச் சொன்னான். எனக்கோ ஒரே அடியில் எல்லாம் தெளிவாகிவிட்டது. அவன் அத்தையின் பிள்ளை. அத்தைக்கு அவன் வேண்டும். எனக்கு அம்மா வேண்டும். குதிரைக்குத் தவிடு வேண்டும். மூன்று பேருக்கும் நல்லது. இத்தனை பெரியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை?

மத்தியானம் அம்மா தலைமுழுகப் போனாள். நான் மரக்காலை எடுத்துக்கொண்டேன். தவிட்டான் வாயில் ஒரு வெல்லத் துண்டை வைத்து இடுப்பில் ஏற்றினேன். மூன்று தெரு. கனத்தான். கனத்தாலும் சந்தோஷமாகவே சுமந்தேன். கடைசித் தடவை அல்லவா.

அத்தை கதவைத் திறந்தபோது கையில் எங்கள் சல்லடை இருந்தது. நான் முன்னுரை எதுவும் வைக்கவில்லை.

“அத்தை, உன் புள்ளையை நீயே வெச்சிக்கோ. எங்க தவுட்டைக் குடு. குதிரை பட்டினி கெடக்குது.”

முதலில் சிரித்தாள். நான் மரக்காலை நீட்டினேன். சிரிப்பு நின்றது. அவள் கண் தானாகவே மேலே உத்தரத்துக்குப் போயிற்று. நான் விடவில்லை. “மாமாவும் ஊர்ல இல்ல. ஒருத்தரும் பாக்கல. சட்டியை எறக்கிக் குடுத்துடு அத்தை, உன் புள்ளை உனுக்கே” என்றேன்.

தவிட்டானுக்கு அவள் கையிலிருந்த சல்லடை வேண்டும். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என் இடுப்பிலிருந்து அவள் பக்கம் சாய்ந்தான். அத்தையின் கைகள் எழுந்தன. சல்லடை கீழே விழுந்து உருண்டது. எழுந்த கைகளை அவள் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தப் பேச்சைப் பேசினாள். யார் வீட்டுப் பிள்ளையோ, யார் வீட்டுத் தவிடோ என்று. பேசி முடித்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவனைப் படிக்கல்லில் உட்காரவைத்தேன். பக்கத்தில் மரக்காலை வைத்தேன். “இதான் உன் வூடு” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் எதிர்ப்புறம் இருந்த புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பிள்ளை அழுதால் எந்தப் பொம்பளைதான் கதவைத் திறக்கமாட்டாள்? திறந்து தூக்கிவிட்டால் பேரம் முடிந்தது.

கொஞ்ச நேரம் வெல்லத்தைச் சப்பினான். வெல்லம் தீர்ந்தது. சுற்றும் முற்றும் பார்த்தான். நான் இல்லை. கல் சுட்டிருக்க வேண்டும். எழுந்து, சாத்திய கதவைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கையாலும் அதைத் தட்டிக்கொண்டே அழத் தொடங்கினான்.

“அம்மா! அம்மா! அம்மா!”

அவன் கூப்பிட்டது என் அம்மாவை. அது எனக்குத் தெரியும். என் வயிறு இன்னும் எரிந்தது.

உள்ளே தாழ்ப்பாள் தூக்கும் சத்தம் கேட்டது. எனக்கு மனசு குதித்தது. கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் மறுபடியும் விழுகிற சத்தம் கேட்டது. அவன் இன்னும் உரக்கக் கத்தினான். மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. பிறகு உள்ளேயிருந்து சத்தமே இல்லை. சரி, உத்தரத்திலிருந்து சட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்கு அழுகை முற்றி விக்கல் வந்தது. நின்றபடியே படிக்கல்லில் மூத்திரம் போய்விட்டு அதிலேயே உட்கார்ந்தான்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, தெருக்கோடியில் ஆள் ஓடிவரும் சத்தம். பார்த்தால் என் அம்மா. ஈரத் தலை அவிழ்ந்து முதுகெல்லாம் சொட்டுகிறது. அவளுக்குப் பத்து அடி பின்னால் அத்தை. பின்வாசல் வழியாகப் போய், வேலியைத் தாண்டி, எங்கள் வீட்டுக்கே ஓடியிருக்கிறாள். முந்தானை முள்ளில் கிழிந்து தொங்கியது.

அம்மா அவனை வாரி எடுத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே அத்தையைப் பார்த்து, “நீயே தூக்கிகினு வந்திருக்கலாம் இல்ல? இந்த வெயில்ல யாரு பாக்கப் போறா?” என்றாள்.

“பாக்கறவன் பாத்துகினேதான் இருப்பான் அண்ணி” என்றாள் அத்தை. உடனே குரலை மாற்றி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “உங்க புள்ளையைத் தெருவுல வுட்டா நாங்க இன்னா பண்றது, புள்ளைக்காரம்மா? பாத்து வெச்சிக்குங்க” என்றாள்.

தவிட்டான் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தோளுக்கு மேலாக அத்தையைப் பார்த்தான். கதவைத் திறக்காதவள் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. “அத்தை ச்சீ. அத்தை அடி” என்று கையை ஓங்கினான்.

“ஆங், அடி. நல்லா அடி” என்று அத்தை சிரித்தாள். அவன் கை எட்டுகிற தூரத்துக்கு மட்டும் அவள் வரவில்லை.

“எங்க அந்தக் குட்டிச்சாத்தான்? இன்னைக்கு அவ காலை ஒடிக்கிறேன்” என்று கத்திக்கொண்டே அம்மா அவனைத் தூக்கிப் போனாள். சொன்னபடி எனக்கு அடி விழுந்தது, ஆனால் கால் ஒடியவில்லை. அண்ணனுக்கும் விழுந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தவிட்டான் பிழைத்துக்கொண்டான். ஐந்து வயது முடிந்து மலையில் முடியிறக்கினார்கள். சட்டியை இறக்கினார்கள், தவிடெல்லாம் வண்டு. அதை அம்மா மடியில் வாங்கிக்கொண்டு, “வித்தேன்” என்று சொல்ல முடியாமல் மூன்று தடவை தொண்டையைக் கனைத்தாள். அவன் மூன்றாவது தெருவுக்குப் போனான். எங்கள் வீட்டுக்கு எதற்காவது வந்துகொண்டேயிருந்தான். வீடு மாறினாலும் வாய் மாறவில்லை. என் அம்மாவைத்தான் கடைசி வரைக்கும் அம்மா என்றான். பெற்றவளை அத்தை என்றான். மீசை நரைத்த பிறகும் அத்தைதான். திருத்தச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். “கூப்புடறதுக்கு ஆள் கீது. எப்பிடிக் கூப்புட்டா இன்னா?” என்பாள் அவள்.

இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு மத்தியானம் நான் புளியமரத்துக்குப் பின்னால்தான் இருந்தேன். அம்மா போய்விட்டாள். அத்தை உள்ளே போனால்தான் நான் வெளியே வர முடியும். பசி வேறு. அந்த ஊரில் வயிறு எரிந்துகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான் என்று திடமாக நம்பிக்கொண்டு நின்றேன்.

அத்தை பின்வாசலைச் சுற்றி உள்ளே போனாள். அப்பாடா என்று காலை எடுத்து வைத்தேன். அதற்குள் முன்கதவின் தாழ்ப்பாளை நீக்கி, ஒரு குடம் தண்ணீரும் துடைப்பமுமாகத் திரும்பி வந்துவிட்டாள். படிக்கல்லில் அவன் போன மூத்திரம் ஒரு முறம் அகலத்துக்கு ஈரமாக இருந்தது. கழுவிவிட வந்தாள் போல. குடத்தைச் சாய்த்தவள் சாய்த்தபடியே நின்றாள். பிறகு குடத்தை நிமிர்த்தி, அந்தத் தண்ணீரை அப்படியே வாசலோரம் இருந்த முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். என்ன சோம்பேறி இந்த அத்தை என்று நினைத்தேன்.

தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். படிக்கல்லில், அந்த ஈரத்துக்குப் பக்கத்தில், உட்கார்ந்தாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். வெயிலில் ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. அது சுருங்கச் சுருங்க அவள் கையும் நடுவுக்கு நகர்ந்துகொண்டே போயிற்று. கடைசிப் பொட்டும் காய்ந்த பிறகுதான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.